உவமையிற் பிறந்த இயந்திரங்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆகுபெயரைப் படிப்பிக்கும் தமிழாசிரியர் எவரும் அளவையாகுபெயர் என்ற இடத்துக்கு வந்ததும் கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதுவார். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்பன அவை. தேங்காய்க் கடையில் ‘ஐந்து தாருங்கள்’ என்று கேட்டால் எண்ணலளவை. ‘இரண்டு கிலோ நிறுங்கள்’ என்றால் எடுத்தலளவை. ‘ஒரு லீற்றர் ஊற்றுங்கள்’ என்றால் முகத்தலளவை. ‘மூன்று மீற்றர் வெட்டுங்கள்’ என்றால் நீட்டலளவை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் இவற்றை இந்த ஒழுங்கிலேயே எழுதி வருகிறேன். மாணவர்களும் இந்த ஒழுங்கிலேயே மனனஞ் செய்து சோதனையில் எழுதிப் புள்ளி பெறுகிறார்கள்.

ஆனால் இந்த நான்கையும் சற்று நின்று நோக்கினால், முதலாவது மற்ற மூன்றிலிருந்தும் விலகித் தனியே நிற்பது தெரியும். தேங்காயை எண்ணும்போது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே எதுவும் இல்லை. ஒன்றில் ஐந்து, அல்லது ஆறு. பாலை முகக்கும்போது அப்படியல்ல. ஒரு லீற்றருக்கும் இரண்டு லீற்றருக்கும் இடையே எத்தனையோ நிலைகள் உள்ளன. துலாக்கோலின் முள் நிற்கும் இடமும், துணியின் மேல் முழக்கோல் முடியும் இடமும் அத்தகையனவே. எண்ணியது ஒன்றில் சரி, அல்லது பிழை. அளந்தது எப்பொழுதும் ஏறக்குறையச் சரி. இந்த வேறுபாடு மிகவும் ஆழமானது. மனிதன் கணக்குப் பார்ப்பதற்கென்று செய்துகொண்ட கருவிகள் எல்லாம் தொடக்கத்திலிருந்தே இந்த இரண்டு வழிகளிலும் பிரிந்துதான் வளர்ந்து வந்திருக்கின்றன.

இலக்கியத் தொடரில் கணக்குக் கருவிக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். இரண்டு சொற்களின் பிறப்பைச் சொன்னால் அதற்கு விடை கிடைத்துவிடும். எண்ணும் வழியில் வந்த கருவியை ‘டிஜிற்றல்’ என்கிறார்கள். அது விரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் ‘விரல் விட்டு எண்ணுதல்’ என்று சொல்வதில்லையா, அதே விரல்தான். அளக்கும் வழியில் வந்த கருவியை ‘அனலொக்’ என்கிறார்கள். அது கிரேக்க மொழியில் ஒப்புமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒப்புமை என்றால் நமக்கு நன்கு பழக்கமான பொருள்தான். உவமை என்பதும் அதுவே. எனவே விரலிலிருந்து பிறந்த இயந்திரங்கள் ஒரு குலம். உவமையிலிருந்து பிறந்த இயந்திரங்கள் மற்றொரு குலம். இவற்றுள் இரண்டாவது குலத்தைப் பற்றியே இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

முதற் குலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆபிரிக்காவில், இன்றைய கொங்கோ நாட்டிலுள்ள இசாங்கோ என்ற இடத்தில், 1950ஆம் ஆண்டு பெல்ஜிய ஆய்வாளர் ஒருவர் சிறிய எலும்புத் துண்டொன்றைக் கண்டெடுத்தார். அதன் மேல் மூன்று வரிசைகளாகக் கோடுகள் கீறப்பட்டிருந்தன. அதன் வயது ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் எனக் கணித்திருக்கிறார்கள். அந்தக் கோடுகள் எதைக் குறித்தன என்பதில் அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. எனினும் கைவிரல் போதாதபோது மனிதன் வேறொன்றைத் துணைக்கு அழைத்தான் என்பதற்கு அது ஒரு பழஞ்சான்றாகக் கொள்ளப்படுகிறது.

மெசொப்பொத்தேமியாவில் களிமண்ணால் கூம்பு, உருண்டை, தட்டு என்று சிறு சிறு உருக்களைச் செய்து, தானியத்துக்கும் ஆட்டுக்கும் கணக்கு வைத்தார்கள். பின்னர் அந்த உருக்களை ஒரு மண்கூட்டுக்குள் இட்டு மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும்படி கூட்டின் வெளிப்புறத்தில் அவற்றின் அச்சைப் பதித்தார்கள். அச்சே கணக்கைச் சொல்லிவிடும்போது உள்ளே உருக்கள் எதற்கு? காலப்போக்கில் உருக்கள் மறைந்தன. அச்சுப் பதித்த மண்பலகை மட்டும் எஞ்சியது. ஆப்பெழுத்துக்கு வித்திட்டது இந்த வழக்கமே என்பது தெனிஸ் சிமாண்ட் பெசரா என்ற அறிஞர் முன்வைத்த முடிபாகும். மெசொப்பொத்தேமியாவின் மிகப் பழைய மண்பலகைகளிற் பெரும்பாலானவை கணக்குகளே. காவியங்கள் அந்த எழுத்திற் புகுந்தது பல நூற்றாண்டுகளின் பின்னர்தான். கணக்கெழுத்து வேறு, இலக்கிய எழுத்து வேறு என்று நாம் இன்று வேலி போடுகிறோம். அங்கே இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

கிரேக்கரும் உரோமரும் பலகையிற் கோடு கீறிக் கூழாங்கற்களை நகர்த்திக் கணக்குப் பார்த்தனர். சீனாவிலும் ஜப்பானிலும் மணிகள் கோத்த எண்சட்டம் பெருவழக்காயிற்று. இந்தக் கருவியின் ஆற்றலைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். 1946 நவம்பரில் தோக்கியோ நகரில் ஒரு போட்டி நடந்தது. ஒருபுறம் அமெரிக்கப் படைவீரர் ஒருவர், மின்சாரத்தால் இயங்கும் கணிப்பானுடன். மறுபுறம் கியோசி மற்சுசாக்கி என்ற ஜப்பானியர், தமது எண்சட்டத்துடன். ஐந்து சுற்றுகளில் நான்கில் எண்சட்டமே வென்றது. பெருக்கலில் மட்டுந்தான் மின்கருவியால் முந்த முடிந்தது.

இனி உவமைக் குலத்துக்கு வருவோம்.

நீரால் நேரம் அறிந்த முறையைப் பற்றி நம் சங்கப் பாட்டிலேயே செய்தி இருக்கிறது. பாசறையிலே அரசனுக்கு நாழிகை அறிவிப்போரையும் அவர்களுடைய நீர்க் கன்னலையும் முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகிறது. 60 நாழிகை சேர்ந்தது ஒரு நாள். ஒரு நாழிகை 24 நிமிடம். இங்கே என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காலத்தைக் கண்ணாற் காண முடியாது. கையிற் பிடிக்க முடியாது. ஆனால் ஒரு சிறு துளை வழியே நீர் ஊறுவதும் காலம் கழிவதும் ஒரே சீராக நிகழ்கின்றன. ஆகவே காலத்தை அளப்பதற்குப் பதிலாக நீரை அளக்கிறோம். நீர் இவ்வளவு என்றால் காலம் இவ்வளவு. நீர் உவமை, காலம் உவமேயம், ஒரே சீராகச் செல்லுதல் பொதுத்தன்மை.

உயர்தர வகுப்பில் அணியிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி என்னைக் கேட்டாள்: ‘சேர், உவமை இல்லாமலும் அந்தப் பாட்டு விளங்குதுதானே? பிறகேன் அது?’ மிகவும் நியாயமான கேள்வி. உவமை என்பது பெண்ணுக்கு நகை போலப் பாட்டுக்கு ஓர் அலங்காரம் என்று நாம் சொல்லிக் கொடுத்தால், நகை இல்லாமலும் பெண் பெண்தானே என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள்.

தொல்காப்பியர் உவமையை அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் உவமவியல் என்று தனியோர் இயலே வகுத்து, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாக உவமை தோன்றும் என்றார். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். முகத்துக்கு மதியையும் பல்லுக்கு முத்தையும் ஒப்பிடும்போது இவையே முன்னிற்கின்றன. பள்ளிக்கூடத்திலே நாம் பெரும்பாலும் காட்டும் உதாரணங்களும் இவையே. ஆனால் தொல்காப்பியர் பட்டியலில் முதலில் நிற்பது வினை. ஒன்று இயங்கும் விதமும் மற்றொன்று இயங்கும் விதமும் ஒத்திருத்தல் வினையுவமம். இங்கே உவமை ஓர் அறிதற் கருவியாகிறது. ஒன்றன் இயக்கம் தெரிந்தால் மற்றதன் இயக்கத்தையும் அறிந்துகொள்ளலாம்.

கிரேக்கத்திலும் இதே உறவைக் காணலாம். ‘அனலொகியா’ என்ற சொல்லை அவர்கள் கணிதத்தில் விகித சமத்துக்கு வழங்கினர். இரண்டுக்கு நான்கு எப்படியோ, மூன்றுக்கு ஆறு அப்படி என்பது போன்ற தொடர்பு அது. அரிஸ்டோட்டில் தமது கவிதையியல் நூலிலே அதே சொல்லை எடுத்து, உருவகத்தின் ஒரு வகையை விளக்கப் பயன்படுத்தினார். நாளுக்கு அந்தி எப்படியோ, வாழ்நாளுக்கு முதுமை அப்படி. கணக்கிலிருந்து கவிதைக்கு வந்த இந்தச் சொல், இருபதாம் நூற்றாண்டிலே கவிதையையும் கடந்து கணனியின் பெயராயிற்று.

வினையுவமத்தை வெண்கலத்திலே செய்து காட்டிய ஓர் அற்புதம் கிரேக்கக் கடலடியிற் கிடந்தது. 1900ஆம் ஆண்டு, கடற்பஞ்சு எடுக்கும் சுழியோடிகள் சிலர் புயலுக்கு ஒதுங்கி, அன்டிகித்திரா என்ற சிறு தீவின் அருகே தங்கினர். அங்கே நீருக்கடியில் அமிழ்ந்து கிடந்த பழைய கப்பல் ஒன்றைக் கண்டனர். அது கி.மு. முதலாம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல். சிலைகள், கண்ணாடிக் கலங்கள், நாணயங்கள் என்று பலவும் மேலே கொண்டுவரப்பட்டன. அவற்றோடு பாசி படிந்து கல்லாய் இறுகிப்போன ஒரு பொருளும் வந்தது. அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1902இல் வலேரியோஸ் ஸ்தாயிஸ் என்பவர் அதற்குள் ஒரு பற்சில்லு தெரிவதைக் கவனித்தார்.

டெரிக் டி சொல்லா பிறைஸ் என்ற அறிஞர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் அதனோடு மல்லுக்கட்டினார். அது பண்டைக் கிரேக்கரின் கணனி என்று 1959இல் எழுதினார்; 1974இல் விரிவான ஆய்வையும் வெளியிட்டார். 2005இல் எக்ஸ் கதிர்களால் அதன் உட்புறத்தை அடுக்கடுக்காகப் படம் பிடித்தார்கள். டொனி ஃபிறீத்தும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2006இல் அந்த முடிவுகளை வெளியிட்டனர். இன்று எஞ்சியிருப்பவை 82 துண்டுகள். அவற்றில் 30 பற்சில்லுகள். அவை ஏதென்ஸ் நகரத் தேசிய தொல்பொருட் காட்சிச்சாலையில் இருக்கின்றன.

பெட்டியின் பக்கத்திலுள்ள பிடியைச் சுழற்றினால், முன்முகத்திலே ஞாயிறும் திங்களும் வானத்தில் எங்கே நிற்கும் என்பதை முட்கள் காட்டும். பின்முகத்திலே சுருள் வடிவான வட்டணைகள் இரண்டு உண்டு. ஒன்று 19 ஆண்டுகளில் வரும் 235 திங்கள் மாதங்களைக் காட்டும். மற்றது 223 மாதங்களுக்கு ஒருமுறை மீளும் கிரகணச் சுற்றைக் காட்டும். 19 ஆண்டுகளிலே சந்திரன் விண்மீன்களிடையே 254 முறை வலம் வருகிறது. 254க்கு 19 என்ற இந்த விகிதத்தை எப்படிச் செய்வது? 64 பற்கள் கொண்ட சில்லு 38 பற்கள் கொண்டதைத் திருப்புகிறது. அதனோடு இணைந்த 48 பற்களின் சில்லு 24ஐத் திருப்புகிறது. அதனோடு இணைந்த 127 பற்களின் சில்லு 32ஐத் திருப்புகிறது. பெருக்கிப் பார்த்தால் சரியாக 254க்கு 19 வரும்.

இவ்வளவோடு நின்றிருந்தாலே வியப்புக்குரியது. ஆனால் அந்தக் கைவினைஞன் நிற்கவில்லை. சந்திரன் எப்போதும் ஒரே வேகத்திற் செல்வதில்லை; சில நாட்களில் விரைகிறது, சில நாட்களில் மெல்லச் செல்கிறது. சீராகச் சுழலும் சில்லு இந்த நடையைக் காட்டாது. எனவே அவன் இரண்டு சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஆனால் அவற்றின் மையங்கள் சற்றே விலகி நிற்கும்படி வைத்தான். ஒன்றிலே ஒரு முளை. மற்றதிலே அந்த முளை ஓடுவதற்கு ஒரு நீண்ட பிளவு. கீழ்ச்சில்லு சீராகச் சுழல, முளை பிளவுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து, மேற்சில்லை ஒருகால் விரைவாகவும் ஒருகால் மெதுவாகவும் இழுத்துச் செல்லும். சந்திரனின் நடை வெண்கலத்துக்கு வந்துவிட்டது.

இதனை நான் ஓர் இலக்கிய மாணவனின் கண்ணாலும் பார்க்கிறேன். சந்திரன் வட்டம், சில்லும் வட்டம் என்பது ஒரு சாதாரண உவமை. அந்த அளவில் மனநிறைவு அடையாமல், உவமேயத்தை மீண்டும் பார்த்து, எங்கே ஒப்புமை தவறுகிறது என்று கண்டு, உவமையைத் திருத்தியிருக்கிறான் அவன். நல்ல புலவன் செய்வதும் இதுவல்லவா?

உரோமானியரான சிசரோ, ஆர்க்கிமிடிஸ் செய்த இத்தகைய வான்கோளம் ஒன்றைக் குறித்து எழுதியிருக்கிறார். ஆகவே அன்டிகித்திராக் கருவி ஒற்றை மரமன்று; அதைச் சுற்றி ஒரு தோப்பே இருந்திருக்க வேண்டும்.

அடுத்த பெரும் பாய்ச்சல் ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் வித்தை அது. 1620களில் வில்லியம் ஓட்றெட் என்ற இங்கிலாந்துக் கணித அறிஞர், மடக்கைப்படி கோடிட்ட இரு அளவுகோல்களை ஒன்றோடொன்று நழுவும்படி வைத்தார். ஒரு நீளத்தோடு இன்னொரு நீளத்தைச் சேர்த்து வைத்தால் பெருக்கற்பலன் கண்முன்னே நிற்கும். எண்ணுக்கு நீளம் உவமையாகிவிட்டது. சிலைட் ரூல் என்ற இந்த நழுவுகோலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே 350 ஆண்டுகளாகப் பொறியியலாளர்கள் பாலமும் கப்பலும் கட்டினார்கள். சந்திரனுக்குச் சென்ற அப்பலோ விண்வெளி வீரர்களிடமும் அது இருந்தது. 1972இல் கையடக்கமான விஞ்ஞானக் கணிப்பான் வந்ததும் அதன் காலம் முடிந்தது. அந்தக் கோலில் ஒரு நல்ல குணம் இருந்தது. அது விடையின் முதல் மூன்று இலக்கங்களைத்தான் ஏறக்குறையக் காட்டும். 24ஆ, 240ஆ, 2,400ஆ என்பதைக் காட்டாது. அதைக் கணிப்பவரே மனதிற் கொள்ள வேண்டும். எனவே விடை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று முன்கூட்டியே சிந்திக்காதவருக்கு அது பயன்படாது.

உவமை இயந்திரங்களிலே உயிர்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது, கடலின் வற்றுப்பெருக்கைக் கணித்த இயந்திரம். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தொம்சன் 1872-73 காலத்தில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். கடல் ஏறி இறங்குவதற்குக் காரணம் ஒன்றல்ல. சந்திரன் இழுக்கிறது, சூரியன் இழுக்கிறது, சந்திரன் அண்மையில் வருவதும் தொலைவிற் செல்வதும் அந்த இழுப்பைக் கூட்டிக் குறைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாளம் உண்டு. தொம்சன் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒவ்வொரு கப்பியை வைத்தார். ஒவ்வொரு கப்பியும் தன் தாளத்தில் மேலும் கீழும் அசையும். எல்லாக் கப்பிகளின் மேலும் ஒரே கம்பி ஓடுகிறது. கம்பியின் ஒரு முனை அசையாது கட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் ஒரு பேனா. கப்பிகளின் அசைவுகளையெல்லாம் அந்தக் கம்பி தானாகவே கூட்டிப் பேனாவுக்குச் சொல்லும். பேனா கடலின் ஏற்ற இறக்கத்தைத் தாளில் வரையும். ஒரு துறைமுகத்தின் ஓராண்டுக் கடல் சில மணி நேரத்தில் தாளுக்கு வந்துவிடும். இந்தியத் துறைமுகங்களுக்கென 1879இல் எட்வேட் றொபேட்ஸ் இத்தகைய இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகே பிட்ஸ்டன் என்ற இடத்தில் இத்தகைய இயந்திரங்கள் இரண்டு இயங்கின. ஒரே குண்டில் இரண்டும் அழியாதிருக்க அவற்றை வெவ்வேறு இடங்களில் வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆதர் டூட்சன் என்ற கணித அறிஞர். செவிப்புலன் மிகவும் குன்றியவர். ஓர் இடத்தின் கடல் மாறிலிகள் அவருக்கு அனுப்பப்பட்டன. இடத்தின் பெயர் சொல்லப்படவில்லை. ‘இசற்’ என்ற ஓர் எழுத்துத்தான் குறிக்கப்பட்டிருந்தது. பிரான்சின் நோர்மண்டிக் கரையே அந்த இடம். அங்கே கடல் ஏறத்தாழ 6 மீற்றர் உயரத்துக்கு ஏறி இறங்கும். ஜேர்மனியர் கரையோரத்திலே, பெருக்கின்போது நீருக்குள் மறையும்படி தடைகளை நட்டிருந்தனர். வற்று முடிந்து நீர் ஏறத் தொடங்கும் வேளையில் இறங்கினால், தடைகள் கண்ணுக்குத் தெரியும். படகுகளும் தரைதட்டி நின்றுவிடாமல் மீளும். அந்த வேளை எது, எந்த நாள் என்பதைக் கப்பிகளும் கம்பியும் சொல்ல வேண்டியிருந்தது. கணிப்பு ஒரு மணி நேரம் பிழைத்திருந்தால் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் தண்ணீரிலேயே மடிந்திருப்பார்கள். 1944 யூன் 5, 6, 7 ஆகிய நாட்கள் பொருந்தும் என்று கண்டார்கள்.

யூன் 5ஆந் திகதிக்கே நாள் குறித்திருந்தார்கள். ஆனால் புயற்காற்று வந்தது. ஒரு நாள் பிந்தியே படைகள் இறங்கின. வற்றுப்பெருக்கை முன்கூட்டியே சொன்ன இயந்திரம் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அதன் குறையன்று. சந்திர சூரியரின் தாளத்துக்கு மட்டுமே அது உவமை, காற்றுக்கு அல்ல. எந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. முகம் மதி போன்றது என்றால் மதியிலுள்ள களங்கத்தையும் முகத்தில் தேடலாகாது. எல்லையை அறிந்து பயன்படுத்துபவருக்கே உவமை உதவும்.

இன்னும் இரண்டு இயந்திரங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் வன்னிவர் புஷ் 1931 அளவில் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பெரிய இயந்திரம் ஒன்றை அமைத்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த மன்செஸ்ரர் பேராசிரியர் டக்ளஸ் ஹாட்றீ, தமது மாணவர் ஆதர் போட்டருடன் சேர்ந்து, 1934இல் அதன் சிறு வடிவம் ஒன்றைச் செய்தார். எதைக் கொண்டு? ‘மெக்கானோ’ எனப்படும், பிள்ளைகள் பொருத்தி விளையாடும் உலோகத் துண்டுகளைக் கொண்டு! அந்த விளையாட்டுப் பொருள் அணுவியல் ஆய்வுக்கு வேண்டிய கணக்குகளைச் செய்து கொடுத்தது.

மற்றது 1949இல் லண்டன் பொருளியற் கல்லூரியில் இயங்கிக் காட்டப்பட்டது. அதைச் செய்தவர் பில் பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர். ‘பணம் தண்ணீராய்ச் செலவழிகிறது’ என்று நாம் வீட்டிலே பேச்சோடு பேச்சாகச் சொல்கிறோம். பிலிப்ஸ் அந்தப் பேச்சையே இயந்திரமாக்கினார் எனலாம். ஆளுயரத்துக்கும் மேலான அந்த இயந்திரத்திலே கண்ணாடி போன்ற தொட்டிகளும் குழாய்களும் இருந்தன. நிறமூட்டிய நீர் நாட்டின் வருமானமாக ஓடும். வரி ஒரு குழாயாற் பிரியும். சேமிப்பு இன்னொன்றாற் பிரியும். இறக்குமதிக்கு ஒரு வழி. ஒரு வாயிலைச் சற்றுத் திறந்தால் வேறெங்கோ நீர்மட்டம் தாழும். வரியைக் கூட்டினால் என்ன நிகழும் என்று பக்கம் பக்கமாக வாதிட்டவர்கள், நீர் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று நின்று பார்த்தார்கள்.

இவ்வளவு சிறப்பும் இருந்தும் உவமைக் கணனிகள் ஏன் பின்தங்கின? 1946இல் அமெரிக்காவில் ‘எனியாக்’ என்ற எண்முறைக் கணனி உலகுக்குக் காட்டப்பட்டது. அது அமைந்த கல்லூரியிலே அதற்கு முன்னர் பீரங்கிக் கணக்குகளுக்குப் புஷ்ஷின் வகையான உவமை இயந்திரமே உதவி வந்தது. விரற் குலம் வென்றதன் காரணத்தை எளிதாகச் சொல்லலாம். எண்ணும் இயந்திரத்தில் விடை இன்னும் ஓர் இலக்கம் நுட்பமாக வேண்டுமென்றால், இன்னும் ஓர் இலக்கத்துக்கு இடம் கொடுத்தால் போதும். அளக்கும் இயந்திரத்திலோ சில்லும் கம்பியும் பத்து மடங்கு நுட்பமாகச் செய்யப்பட வேண்டும். மேலும், வற்றுப்பெருக்கு இயந்திரத்தைக் கொண்டு சம்பளக் கணக்குப் பார்க்க முடியாது. எண்ணும் இயந்திரமோ இட்ட பணியையெல்லாம் செய்யும். இன்று நம் சட்டைப் பையிலுள்ள தொலைபேசி வரை எல்லாம் அந்தக் குலமே.

ஆயினும் உவமை தோற்றுவிட்டது என்று நான் கருதவில்லை. இன்று வானிலையை முன்னறிவிக்கும் கணனிக்குள்ளே, காற்றுக்கும் முகிலுக்கும் ஒப்பாக எண்களும் சமன்பாடுகளும் இயங்குகின்றன. வற்றுப்பெருக்கு அட்டவணைகள் இன்றும் கெல்வின் பிரித்துக் காட்டிய அதே தாளங்களைக் கூட்டியே தயாராகின்றன. கூட்டுவது மட்டுந்தான் கம்பியிலிருந்து கணனிக்கு மாறியிருக்கிறது. உவமை இயந்திரத்தின் உடலை விட்டுச் செய்நிரலுக்குள் குடிபுகுந்துவிட்டது.

இதனை ஒரு தமிழாசிரியன் ஏன் இவ்வளவு நேரம் சொல்ல வேண்டும்? நமது பாடசாலைகளில் கணக்கு வராத பிள்ளை கலைப்பிரிவுக்குப் போகட்டும் என்கிறோம். அங்கே வந்த பிள்ளைக்கு உவமை, உவமேயம், பொதுத்தன்மை, உவமவுருபு என்று நான்கைப் பிரித்துக் காட்டப் பழக்குகிறோம். பிரித்துக் காட்டினால் முழுப் புள்ளி. அந்த உவமை பொருந்துகிறதா, எதுவரை பொருந்துகிறது, அதனால் நாம் புதிதாக எதை அறிந்தோம் என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால், சந்திரனின் நடை சில்லிலே சரியாக வரவில்லை என்று கண்டு பிளவு வெட்டிய கைவினைஞனும், புலவனும், பொருளியல் அறிஞனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். கணனி யுகம் தனக்குரியதல்ல என்று ஒதுங்கி நிற்கவும் மாட்டாள்.

நேயர்களே, அடுத்த முறை ஒரு பாட்டில் உவமை ஒன்று எதிர்ப்பட்டால், அதை ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்லிக் கடந்து போய்விடாதீர்கள். அந்த இரண்டு பொருள்களும் எப்படி இயங்குகின்றன என்று ஒருகணம் ஓடவிட்டுப் பாருங்கள். சில உவமைகள் இரண்டு அடி போவதற்குள் தடக்கி நின்றுவிடும். சில உவமைகளோ நாம் எதிர்பாராத ஓர் உண்மைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எவை எவை என்று பிரித்தறிவதற்கு நமக்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. தொல்காப்பியர் முதலில் வைத்த வினை என்ற அந்த ஒரு சொல்லை நினைவிற் கொண்டாற் போதும்.